பதினாறாவது அட்டை

ஹாக்கி எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, ஏனென்றால் நான் பிறந்தது கோவில்பட்டியில். அங்கே தெருவுக்கு ஒரு டீம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அத்தனை பேரும் மைதானத்துக்கு ஓடுவார்கள், நான் வீட்டுக்கு ஓடுவேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள் யாரோ அடித்த பந்து கணுக்காலில் பட்டு மூன்று வாரம் நொண்டினேன். அதோடு எனக்கும் ஹாக்கிக்கும் இருந்த உறவு முடிந்தது. அப்படிப்பட்ட நான் எழுபத்தைந்தாம் வருடக் கடைசியில், மெல்போர்னில், ஒரு ஹாக்கி டீமில் யார் இருக்கலாம் யார் போகலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

டாண்டினாங் பக்கம் தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் திட்டப் பிரிவில் எனக்கு வேலை. எந்த இயந்திரத்தில் எந்த வேலை, எந்தக் கிழமை என்று அட்டைகளில் எழுதி, சுவரில் இருந்த பெரிய பலகையில் செருகி வைக்க வேண்டும். ஒரு இயந்திரம் படுத்துவிட்டால் அதன் அட்டைகளை எடுத்து மற்ற இயந்திரங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இதை நான் நன்றாகவே செய்தேன். கையெழுத்தும் அழகாக இருக்கும் என்று பெயர்.

அந்தத் தொழிற்சாலையில் தமிழ் பேசத் தெரிந்த இன்னொருவர் இருந்தார். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். எனக்கு ஏழு வருடம் முன்னால் மெல்போர்ன் வந்தவர். சரக்கு அனுப்பும் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நானும் மனைவியும் வந்திறங்கிய முதல் வாரத்தில், அரிசி எங்கே கிடைக்கும், மிளகாய்த்தூள் எங்கே கிடைக்கும் என்று காரில் கூட்டிப்போய்க் காட்டியவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிட்டேன். “இந்த ஊர்ல என்னை அண்ணேன்னு கூப்புட்ற ஒரே ஆளு நீதான் மேன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது பிடித்திருந்தது.

அவர் இளமையில் ரயில்வேக்கு ஆடியவர். ஃபுல் பேக், அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நின்று தடுப்பவர். ஏதோ ஒரு போட்டிக்காகக் கோவில்பட்டிக்கும் வந்து ஆடியிருக்கிறார். நான் அந்த ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார். எனக்கு ஆடத் தெரியாது என்று எத்தனையோ தடவை சொன்னேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு ஹாக்கி டீம் இருந்தது. அதில் அவர்தான் ஃபுல் பேக். சம்பளத்துக்கு ஆடும் டீம் இல்லை. ஆனால் முதலாளிக்கு அதன்மேல் உயிர், சட்டையிலிருந்து பஸ் வரை எல்லாம் கம்பெனி செலவு. அந்த டீம் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசி இடத்தில் வந்து கீழ் கிரேடுக்குத் தள்ளப்பட்டது. இங்கே ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் வரை, குளிரிலும் சேற்றிலும் ஆடுவார்கள். அக்டோபரிலிருந்து ஆட்டம் கிடையாது. அந்த ஆறு மாதத்தில்தான் டீமைப் பிரித்து மறுபடி கட்டுவார்கள். அந்த அக்டோபரில் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீ இந்தியாவிலேயே பெரிய ஹாக்கி ஊர்லேருந்து வந்தவனாமே” என்றார். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அந்த வருடம் இந்தியா உலகக் கோப்பையை வேறு ஜெயித்திருந்தது. “டீமைப் புதுசாக் கட்டணும். ரெண்டு வருசம் டைம் தர்றேன். நீ அட்டை போட்டு மிஷினுக்கெல்லாம் வேலை பிரிக்கிறியே, அதே மாதிரி டீமுக்கும் ஒரு திட்டம் போட்டுக் குடு.”

“பார்க்கிறேன் சார்” என்றேன்.

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் எதிராளிக்குப் புரியும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் தேர்வுக் குழு என்று மூன்று பேர் பெயர் இருந்தது: மேலாளர், பயிற்சியாளர், நான். பயிற்சியாளர் ஒரு டச்சுக்காரர், டூல்ரூமில் ஃபோர்மன். ஆறடி உயரம், பேச்சு கம்மி.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் பதினாறு இடம். சென்டர் ஃபார்வர்டு பெர்த் நகரத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான். கோல் கீப்பர் போதும் சாமி என்று சொல்லிவிட்டார். பக்கத்துப் பேட்டை கிளப்பிலிருந்து இரண்டு பேர் வரத் தயார். இரண்டாவது டீமிலிருந்து மூன்று பேரை மேலே ஏற்றலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அப்படியானால் இருப்பவர்களில் மூன்று பேர் வெளியே போக வேண்டும். இதில் இடது பக்கம் ஆடுகிறவனை வலது பக்கம் போட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? லேத்தில் ஓடும் வேலையை மில்லிங் இயந்திரத்துக்கு மாற்றலாமா என்று கேட்டால் சொல்வேன்.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “ஆபீஸ்ல சீட்டு அடுக்குறது பத்தாதுன்னு வீட்லயும் ஆரம்பிச்சிட்டீகளா?”

ஒவ்வோர் அட்டையிலும் ஒருவரைப் பற்றித் தெரிந்ததை எழுதி வைத்திருந்தேன். ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆகவே வயசு, கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளை, வீட்டில் வேறு யாராவது வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டுக் கேட்டுக் குறித்திருந்தேன். அவள் ஒன்றை எடுத்துப் படித்தாள். “மாப்பிள்ளை பாக்குதீகளா, டீம் போடுதீகளா?” என்றாள்.

அவள் கேலி செய்தாலும் எனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்ல என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா மில் டீமில் ரைட் ஹாஃப். ஹாக்கிக்காகத்தான் மில்லில் வேலையே கொடுத்தார்கள். ஒரு வருடம் அவர் தொடைச் சதை கிழிந்தது. அடுத்த வருட டீம் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கு அடுத்த மாதம் மில் வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அத்தைக்குத் தெரியக்கூடாது என்று மாமா இரண்டு மாதம், தினமும் சங்கு ஊதும் நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் இது தெரிந்த கணக்கு. டீமில் இருந்தால் வேலை, டீம் விட்டால் வேலை விட்டது.

இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அண்ணனிடம் கேட்டிருந்தாலும் என் பயம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. ஏனென்றால் அண்ணனே ஒருமுறை சாப்பாட்டு இடைவேளையில் சொல்லியிருந்தார்: “இன்டர்வியூல மொத கேள்வியே ஹாக்கி ஆடுவியான்னுதான் மேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமான்னு அப்புறந்தான் கேட்டாங்கோ.”

நவம்பரில் முதல் கூட்டம். வேலை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தோம். மேலாளர் பத்து நிமிடம் இருந்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள் என்று கிளம்பிவிட்டார். பயிற்சியாளர் ஒரு தாளில் மூன்று பெயர் எழுதி என் பக்கம் தள்ளினார். முதல் பெயர் அண்ணனுடையது.

“ஏன்?” என்றேன்.

“திரும்பறதுக்குள்ள பந்து கோல்ல இருக்கு. இடது கால் மடங்கல. ரெண்டு வருசமா அவர் பக்கம்தான் எல்லாரும் உள்ள வர்றாங்க” என்றார்.

“அவருக்கு மூணு பிள்ளைங்க.”

பயிற்சியாளர் என்னை உற்றுப் பார்த்தார். “சரி. அதுக்கு?”

“மனைவி வேலைக்குப் போகல. வீட்டுக்குக் கடன் வேற கட்டிட்டு இருக்கார்.”

அவர் என் கையிலிருந்த அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு அட்டையில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில் கல்யாணம் அடுத்த மே மாதம் என்று இருந்தது. அந்த மனிதர் முகத்தில் அன்று பார்த்த குழப்பத்தை நான் மறக்கவே மாட்டேன். என்னைவிட ஒருவர் அதிகமாகக் குழம்ப முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “உங்க ஊர்ல இப்படித்தான் டீம் எடுப்பீங்களா?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். உலகக் கோப்பை ஜெயித்த ஊர்க்காரனிடம் ஏதோ ரகசியம் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

பட்டியலை ஜனவரிக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை என் தூக்கம் போனது. இருப்பவர்களில் பத்துப் பேர், இரண்டாவது டீமிலிருந்து மூன்று பேர், வெளியிலிருந்து இரண்டு பேர் என்று பதினைந்து அட்டைகள் நிச்சயமாகிவிட்டன. பதினாறாவது இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அண்ணன். இன்னொருவன் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்த இருபத்து நான்கு வயது ஆஸ்திரேலியன். அவனும் ஃபுல் பேக்தான், குதிரை மாதிரி ஓடுவான். அவன் அட்டையில் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவோடு இருக்கிறான், அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில் சாப்பாடு. கொதிக்கிற வெயிலில், தகர ஷெட்டு நிழலில், கேக்கும் கல்கல் பலகாரமும் கோழிக்கறியும். அண்ணன் பின்பக்கப் படியில் பக்கவாட்டாக, ஒரு காலை வைத்து மறுகாலைச் சேர்த்து வைத்து இறங்கினார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என் காதருகே, “அவுக முட்டியப் பாத்தீகளா? வீங்கிப் போயிருக்கு” என்றாள். பார்த்தேன். வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறார் பாவம், எல்லாம் இந்த வேலைக்காக என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பாத்திரம் எடுத்துவைக்க உள்ளே போனபோது அவர் மனைவி என்னைத் தனியாக நிறுத்தினார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். “லிஸ்ட்ல இவரு பேரு இருக்குமா?” என்று கேட்டார். கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“இருக்கும்” என்றேன். சொன்ன பிறகுதான் நானே முடிவு செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். புதிதாகக் கட்டும் டீமில் எல்லாரும் இளசுகளாக இருந்தால் பதற்றத்தில் சிதறிவிடுவார்கள், பின்னால் நின்று சத்தம் போட்டு அடக்க ஒரு மூத்த ஆள் வேண்டும், ரயில்வேக்கு ஆடிய அனுபவம் கடையில் வாங்கக் கிடைக்காது. எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. ஹாக்கியில் அரிச்சுவடி தெரியாதவன் ஹாக்கியின் தத்துவம் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு அருமை என்றார். பயிற்சியாளர் இரண்டு தடவை படித்தார். “கால் மடங்காதே” என்றார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் ஊர்ப் பெயருக்காக ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை பட்டியல் பலகையில் ஏறியது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஹாரனைத் தேவையில்லாமல் அடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் மனைவி செய்த கேக் ஒன்று என் மேஜைக்கு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. என் வாழ்க்கையில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். மாமாவுக்கு யாரும் செய்யாததை இவருக்கு நான் செய்துவிட்டேன்.

பெயிண்ட் ஷாப் இளைஞனை நினைத்தால்தான் சங்கடம். அவன் எப்போது வீட்டுக்கு அனுப்பப்படுவான் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் போனது, அவன் விசிலடித்துக்கொண்டு பம்புகளுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரமும் போனது. மூன்றாவது வாரம் பொறுக்கமுடியாமல், ஒரு வேலை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

“உனக்கு இங்க கடைசி நாள் எப்போ?” என்று கேட்டேன். முடிந்தவரை அனுதாபமாகக் கேட்டேன்.

“எதுக்குக் கடைசி நாள்?”

“டீம்ல பேர் இல்லையே.”

அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அது சனிக்கிழமை விளையாட்டு. இது என் வேலை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?” வேறு கிளப்பில் சேரக் கிளியரன்ஸ் தாள் வாங்கிவிட்டதாகவும், அங்கே மேல் கிரேடில் ஆடப்போவதாகவும் சொன்னான். எனக்கு நன்றி வேறு சொன்னான்.

திரும்பி என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். எந்த அட்டை எந்தச் செருகலில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பெனியில் வெகுநாளாக இருக்கும் டைப்பிஸ்ட் அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். டீமை விட்டதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பியதாகத் தனக்கு நினைவில்லை என்றார். அப்படியானால் நான் எழுதிய அந்த ஒரு பக்கம்? பயிற்சியாளரிடம் போட்ட சண்டை? மூன்று மாதத் தூக்கம்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரும் என்னைப் போல நினைத்துக்கொண்டிருக்கக் கூடும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அவர் மனைவி துணியை முறுக்கியது ஞாபகம் வந்தது. ஆனால் எட்டு வருடமாக இங்கே இருப்பவருக்குத் தெரியாதது வந்து ஒன்றரை வருடமான எனக்குத் தெரிந்துவிட்டதா என்று என்னையே கேட்டேன். முட்டாள் நான் ஒருவன்தான், அவர் ஆட்டத்தின்மேல் இருக்கும் ஆசையில் ஆடுகிறார், பட்டியலைப் பார்த்து அவர் பட்ட சந்தோஷம் ஆசை இல்லாமல் வருமா? இப்போது போய் இதைச் சொன்னால், உன் ஆட்டத்துக்காக உன்னை எடுக்கவில்லை, பரிதாபப்பட்டு எடுத்தேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும். இப்படி எனக்கு நானே பேசிப் பேசி வாயை மூடிக்கொண்டேன். இதில் பாதி அவருக்காக. மீதிப் பாதி, என் அறியாமை தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடுமே என்பதற்காக. இதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் நடுவில் முதல் பயிற்சி ஆட்டம். நானும் மனைவியும் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தோம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், எதிர் டீம் பையன் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு அண்ணன் பக்கமாக வந்தான். அண்ணன் அவனோடு திரும்பினார். உடம்பு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்தார்.

நான்தான் முதலில் ஓடினேன். வலியில் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் தமிழில் சொன்னார்: “மேனேஜருக்குச் சொல்லிடாத மேன். ரெண்டு நாள்ல எந்திரிச்சுடுவேன். வேலை போய்டும், புள்ளைங்க இருக்குது. நீ கமிட்டில இருக்கே, எப்டியாவது பாத்துக்கோ.”

அண்ணே, வேலை போகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

முட்டியை அறுத்து என்னென்னவோ செய்தார்கள். முன்பே வந்திருந்தால் சின்ன வேலையாக முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். உண்மையில் அவர் முன்பே ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். நவம்பரிலேயே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவரும் மனைவியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இனி அந்தக் கால் முழுசாக மடங்காது. ஃபோர்க்லிஃப்டில் இடது காலால் மிதிக்கும் பெடல் இருக்கிறது, ஆகவே ஃபோர்க்லிஃப்டும் இனி இல்லை. மேலாளர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காத்திருக்கிறது, அவசரப்படாமல் வா என்று சொல்லிவிட்டு வந்தார். இதை எனக்குச் சொன்னவர் பயிற்சியாளர். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் சாய்வு நாற்காலியில், காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேநீர்க் கெட்டிலை வைத்துவிட்டு, பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

“மேனேஜர் வந்தான் மேன்” என்றார். “வேலை எங்கயும் போகாதுன்றான். இனிமே ஆட முடியாதேன்னு நான் சொன்னா, அவனுக்குப் புரியவே இல்ல. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு கேக்குறான். டீம்ல இல்லாட்டியும் வேலை உண்டாம். எப்பவுமே அப்டித்தானாம்.”

நான் அவர் காலுக்கடியில் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தேன்.

“ரெண்டு வருசமா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தக் காலுக்கு அவ ஒத்தடம் குடுப்பா. சனிக்கிழமை காலைல மாத்திரை போட்டுக்கினு போவேன். உன் லிஸ்ட்டுல பேரைப் பாத்தப்போ, அப்பாடா, இன்னும் ஒரு வருசம் ஓட்டிரலாம்னு அழுதேன் மேன். டாய்லெட்ல போய் அழுதேன்.” அவர் காலைப் பார்த்தார், கால் வேறு யாருடையதோ மாதிரி. “அப்போ நான் எதுக்கு மேன் ஆடினேன்?”

நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணே, அதனால்தான் உங்கள் பெயரைச் சண்டை போட்டுச் சேர்த்தேன் என்று சொன்னேன். மாமா கதையையும் சொன்னேன். அவருக்கு அது உடனே புரிந்தது. ரயில்வேயில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றார். அந்தத் தொழிற்சாலையில் அந்தக் கதை புரிகிற ஒரே ஆள் அவர்தான். அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டியதும் அவர் ஒருவரிடம்தான், அதுவும் ஐந்து மாதத்துக்கு முன்னால்.

அவர் என் பக்கம் திரும்பினார். “வேலையும் டீமும் வேற வேறன்னு உனக்கு எப்போ மேன் தெரியும்?”

பிப்ரவரியில், ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால். சொல்ல வேண்டிய பதில் அவ்வளவுதான்.

“இப்பத்தான் அண்ணே” என்றேன். “நீங்க சொல்லித்தான்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார். “விடு மேன். உன் தப்பு இல்ல. நம்ம ரெண்டு பேருக்குமே யாரும் சொல்லல” என்றார். காலை அசைக்காமல் கஷ்டப்பட்டுச் சாய்ந்து, கெட்டிலை எடுத்து எனக்குத் தேநீர் ஊற்றினார்.